நடந்து போகிறவருக்கு நஷ்டஈடு: முதல் பத்து நாளில் செய்ய வேண்டியவை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலை வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பாதிப் பேர் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறோம். துருகம் ரோடு, கச்சிராயபாளையம் ரோடு, சங்கராபுரம் ரோடு, சேலம் ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டிகளுக்கு ஓரமாகத்தான் நடக்கிறோம். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாக்கள், இரவுக் காவலுக்கு வருகிறவர்கள், கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நடந்துதான் போகிறார்கள். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் டிராக்டர் டிரெய்லர்கள் இருட்டில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். சுமார் ஐந்தில் ஒருவர். காயத்தோடு தப்பியவர்கள் இதில் சேரவில்லை. நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் அந்தக் காயம்பட்டவர்களைப் பற்றி.

ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போனால் போதும். நடந்து போகிறவருக்குச் சட்டம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே துணை நிற்கிறது. நஷ்டஈடு கைநழுவிப் போவது பெரும்பாலும் கோர்ட்டில் அல்ல. ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும், முதல் பத்து நாளில், நாம் சொல்லும் ஒரு வார்த்தையாலும் வாங்காமல் விடும் ஒரு காகிதத்தாலும்தான்.

முதலில் அந்த வார்த்தை. அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனதும் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். மோதியவர் பக்கத்திலேயே நின்று, "அம்மா, கேஸ் எல்லாம் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று கெஞ்சுவார். தெரிந்த பையனாகக்கூட இருப்பார். மனசு இளகி, "நானே தடுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரி ஏ.ஆர். காப்பியில் ஏறிவிட்டால், பிறகு அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவு என்று தெரிய வரும்போது திரும்பப் பெற முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான்.

அந்தப் பையன்மேல் இரக்கப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் நஷ்டஈட்டைக் கொடுப்பது கம்பெனி, அவர் அல்ல. அதற்காகத்தான் ஒவ்வொரு வண்டிக்கும் இந்த இன்சூரன்ஸ் கட்டாயம். போலீஸ் வழக்கு அவர்மேல் வரும், உண்மைதான். ஆனால் உங்கள் கால் எலும்புக்கான பணம் அவர் வீட்டிலிருந்து போகப் போவதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, என்ன வண்டி, தெரிந்தால் வண்டி எண். அவ்வளவு போதும். கூடப் போகிறவர் அந்தப் பதிவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்குப் பயந்தும் மோதியவரின் பேச்சுக்கு உடன்படுகிறார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இலவச சிகிச்சை என்பதற்காகக் காகிதங்களை விட்டுவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, காயச் சான்றிதழ், மருந்துக்கடை பில், ஆட்டோ செலவு எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

அடுத்தது போலீஸ். புகார் கொடுத்ததும் கையில் ஒரு ரசீது தருவார்கள். அது சி.எஸ்.ஆர்., அதாவது மனு ரசீது. பலர் அதையே வழக்குப் பதிவு என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டியது முதல் தகவல் அறிக்கை, எப்.ஐ.ஆர். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 (கவனக்குறைவாக வண்டி ஓட்டுதல்), பிரிவு 125 (காயம்) என்று அதில் இருக்கும். மரணம் என்றால் பிரிவு 106.

நம் மாவட்டத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் கிடக்கிறது. வெள்ளிமலை இந்தப் பக்கம், கருமந்துறை அந்தப் பக்கம். அந்தப் பக்க ரோட்டில் அடிபட்டு இங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், "எங்கள் எல்லை இல்லை, அங்கே போய்க் கொடுங்கள்" என்ற பதில் வரலாம். அந்தப் பதில் சட்டப்படி செல்லாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173ன்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்பிக்கொள்வார்கள். இதை மரியாதையாக எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் போதும்.

நாலைந்து நாள் தாமதமாகிவிட்டதே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடுவதுதான் யாருக்கும் முதல் வேலை, புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011ல் ரவி என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது.

2022 ஏப்ரல் முதல் போலீசுக்கும் கால அளவு வந்துவிட்டது. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. இதையெல்லாம் நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பர் 15 அன்று கோஹர் முகமது வழக்கில் உத்தரவிட்டது. ஆகவே பத்தாம் நாள் அந்தப் படிவத்தைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: "ரோட்டைக் குறுக்கே கடந்தது நம்ம தப்புதானே, பணம் கிடைக்குமா?" தீர்ப்பாயம் பார்ப்பது கிரிமினல் கோர்ட் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கிறது. உங்கள் பக்கமும் கவனக்குறைவு இருந்ததாகத் தெரிந்தால் அந்த விகிதத்தைக் கழிப்பார்கள். அதற்காக மனுவே செல்லாமல் போகாது. இடத்தின் போட்டோ, போலீஸ் வரைந்த மாதிரி வரைபடம், பார்த்த சாட்சி, சி.சி.டி.வி. பதிவு ஆகியவைதான் அந்த விகிதத்தைத் தீர்மானிக்கும்.

இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். முதலாவது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஒரு தனியார் பஸ் இரவில் தாழ்வாகத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 8 பேர் இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை ஆனார். அதனால் நஷ்டஈடு தர முடியாது என்று பஸ் கம்பெனி வாதாடியது. 1980ல் என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. டிரைவர் விடுதலை ஆனாலும் நஷ்டஈடு உண்டு என்றது. ஆகவே "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, இனி ஒண்ணும் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, நடந்து போனவர் ஒருவரின் வழக்கு. 1986ல் ஒரு ஜீப்பின் முன் டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்து, ரோட்டில் நடந்து போனவர்மேல் மோதியது. அவர் இறந்துவிட்டார். டயர் வெடித்ததற்கு டிரைவர் என்ன செய்வார் என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. 2001 ஜனவரியில் கௌஷ்னுமா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. டிரைவரின் கவனக்குறைவு நிரூபணம் ஆகாவிட்டாலும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வந்தவருக்குப் பொறுப்பு உண்டு என்று சொல்லி நஷ்டஈடு கொடுத்தது.

எவ்வளவு கிடைக்கும்? மருத்துவச் செலவு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் காயத்துக்கான தலைப்புகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சிகிச்சை, போக்குவரத்து, சத்துணவு, படுத்திருந்த நாட்களின் வருமான இழப்பு, ஊனத்தால் இனி வரப்போகும் வருமான இழப்பு, பிற்காலச் சிகிச்சை, வலியும் வேதனையும், வாழ்க்கையின் சாதாரண சுகங்களை இழந்தது என்று அந்தப் பட்டியல் போகிறது. ஊனம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அது அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதுதான் கணக்கு. முழங்கால் மடங்காமல் போனால் மேசை வேலை செய்பவருக்கு ஒரு கணக்கு, உட்கார்ந்து எழுந்து வீடு துடைப்பவருக்கு வேறு கணக்கு.

கற்பனையாக ஓர் உதாரணம் பார்ப்போம். 38 வயது அம்மா ஒருவர். நாலு வீட்டில் வேலை செய்து மாதம் 10,000 ரூபாய் சம்பாதிக்கிறார். காலில் ஏற்பட்ட பாதிப்பால் பிழைப்பில் 20 சதவீத இழப்பு என்று முடிவாகிறது. இந்த வயதுக்குப் பெருக்கல் எண் 15 என்று 2009ல் சரளா வர்மா தீர்ப்பு வகுத்தது. 10,000 × 12 × 15, அதில் 20 சதவீதம்: 3,60,000 ரூபாய். நாற்பது வயதுக்குக் கீழே சொந்தமாக உழைப்பவர்களுக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது 2017ல் பிரணய் சேத்தி தீர்ப்பு. காயம்பட்டு ஊனமானவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2020ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் சொல்லப்பட்டது. அப்போது மாத வருமானம் 14,000. தொகை 5,04,000 ரூபாய். மற்ற தலைப்புகள் எல்லாம் இதற்கு மேல்தான்.

ஆனால் 10,000 சம்பாதித்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கேதான் நம் பங்கு வருகிறது. கையில் பணமாகக் கொடுத்தால் எழுத்தில் எதுவும் இருக்காது. தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ ஜி-பேயிலோ போடுங்கள். அதுவே அவருடைய வருமானச் சான்று. இல்லத்தரசிகளும் "எனக்கு வருமானம் இல்லையே" என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியிருக்கிறது.

அடுத்து, அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளும் ஓர் இடம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164ன்படி யார் தப்பு என்றே பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாயும் மரணத்துக்கு 5,00,000 ரூபாயும் பெறலாம். எலும்பு முறிந்தாலே, பல் உடைந்தாலே அது கொடுங்காயம்தான். சீக்கிரம் கிடைக்கும் என்று அதற்கு ஒப்புக்கொண்டால், பிரிவு 166ல் போட்ட பெரிய மனு காலாவதியாகிவிடும். எது லாபம் என்று கணக்குப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வதும் நல்ல வழிதான். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு கிடையாது.

மோதிய வண்டி நிற்காமல் போய், எண்ணும் தெரியவில்லையா? அப்போதும் வழி உண்டு. பிரிவு 161ன்படி கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2,00,000 ரூபாய். இதற்கு விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். உத்தரவு போடுவது மாவட்ட ஆட்சியர். இதற்கும் எப்.ஐ.ஆர். வேண்டும். "வண்டியே தெரியாதே, எதுக்குப் புகார்" என்று விடுகிறவர்கள் இதையும் இழக்கிறார்கள்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். திருச்சியில் அடிபட்ட நீங்கள் கள்ளக்குறிச்சியிலேயே எம்.சி.ஓ.பி. மனு போடலாம். சென்னையில் அடிபட்ட மலைக்காரரும் அப்படியே. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆறு மாதம் என்றே கணக்கு வையுங்கள்.

வக்கீல் விஷயம். ஆஸ்பத்திரி வாசலில் வந்து "வர்ற பணத்தில் இத்தனை சதவீதம் கொடுங்க, எல்லாம் பார்த்துக்கிறோம்" என்று பேசும் ஏஜென்ட்டுகளிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற தொகையில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிகளின்படி தவறு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். உதவி எண் 15100. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்கள் அத்தனை பேருக்கும் இது பொருந்தும். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் பொருந்தும். அவர்களிடம் இதைச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை நடக்கிறவராகப் பேசினேன். நமக்கெல்லாம் வண்டியும் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒரு நாள் விட்டுப்போய் அன்றைக்கு யாரையாவது இடித்துவிட்டால் முழுத் தொகையும் நம் தலையில். பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு ஆர்.சி. பெயர் மாற்றாமல் விட்டவர்கள் கவனியுங்கள். பின்னால் எடுத்த ஒரு கார் தெருவில் நடந்து போனவர்கள்மேல் மோதிய வழக்கில், அந்தக் கார் பல கை மாறியிருந்தும், ஆர்.சி.யில் பெயர் இருந்தவர்தான் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் பெட்ரோல் வண்டிச் சாவியைக் கொடுத்து விபத்து நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கடைசியாக, சங்கத்துக்கு நான்கு கோரிக்கைகள். ஒன்று: நம் வாசல் கேமரா ரோட்டையும் பார்க்கிறது. பழைய பதிவு தானாக அழிந்துவிடும். வாசலருகே விபத்து நடந்தால் அன்றைக்கே அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இரண்டு: காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் வேலைச் சான்றுக் கடிதம் கொடுத்து, சம்பளத்தை வங்கியில் போடுங்கள். மூன்று: விபத்தைப் பார்த்தால் 108ஐ அழைத்து உதவுங்கள். உதவி செய்கிறவரைச் சட்டம் பிரிவு 134ஏ காப்பாற்றுகிறது, விருப்பமில்லாமல் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் முடிந்தவர்கள் சாட்சி சொல்லவும் முன்வாருங்கள். நான்கு: நகராட்சிக்கு நடைபாதை கேட்டு மனு கொடுப்போம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21வது பிரிவில் அடங்கிய உரிமை என்று 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டே எழுதலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டி இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நாளைக்குக் காலையில் வேலைக்கு வரும் அம்மாவிடம், "ரோட்டில் ஏதாவது ஆச்சுன்னா, நானே விழுந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வையுங்கள்.